நாற்பத்தேழாம் பக்கம்

மஞ்சள் ஒட்டுத்தாளில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: "டீச்சர், 47, 48 எங்கே?"

ஆஸ்மா புத்தகத்தைப் புரட்டினாள். இடப்பக்கம் 46. வலப்பக்கம் 49, அடுத்த கதையின் தொடக்கம். மூடிவிட்டு மறுபடியும் திறந்து பார்த்தாள். எண்கள் மனம் மாறவில்லை.

சிங்கப்பூரின் பூன் லே பக்கத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஆஸ்மா தமிழாசிரியை. உயர்நிலை மூன்றாம் வகுப்பில் ஒன்பது பேர் தமிழ் இலக்கியம் எடுத்திருந்தார்கள். அவர்களுக்கு அவள் போட்டிருந்த சட்டம் ஒன்றுதான். கையில் பென்சில் இல்லாமல் கதை படிக்கக் கூடாது. சந்தேகம் வந்தால் ஒட்டுத்தாளில் எழுதி அந்த இடத்திலேயே ஒட்ட வேண்டும். "கதைய அப்படியே முழுங்காதீங்க, மென்னு தின்னுங்க" என்று வாரத்துக்கு இரண்டு முறையாவது சொல்லுவாள்.

சொல்லிக்கொடுத்தபடியே ஒரு பிள்ளை செய்துவிட்டால் ஆசிரியருக்கு எவ்வளவு சங்கடம் என்பது அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

கதையின் பெயர் 'மறந்த குடை'. எழுதியவர் அண்ணாதுரை, உள்ளூர்க்காரர். முத்தையா என்ற பேருந்து ஓட்டுநர், பயணி யாரோ மறந்துவிட்டுப் போன குடையை எடுத்துக்கொண்டு, கைப்பிடியில் இருந்த முகவரிக்குப் போகிறான். கதவைத் தட்டுகிறான். நாற்பத்தாறாம் பக்கத்தின் கடைசி வரி: 'கதவு திறந்தது.'

அவ்வளவுதான் கதை. திறந்தது யார், என்ன நடந்தது, ஒன்றும் கிடையாது. முதன்முதலாகப் படித்தபோது ஆஸ்மாவுக்குப் புல்லரித்துவிட்டது. ஆறு வருடமாக அதைத்தான் நடத்துகிறாள். 'சொல்லாமல் விட்ட முடிவு' என்று அவள் தயாரித்த பயிற்சித்தாள் வேறு பள்ளிகளுக்கெல்லாம் போயிருந்தது. பிள்ளைகளுக்கு எழுத்துப் பெரிதாக இருக்கட்டும் என்று பெரிதாக்கி நகலெடுத்ததில் பக்க எண்கள் ஓரத்தோடு வெட்டுப்பட்டதை இத்தனை வருடத்தில் யாரும் கவனிக்கவில்லை. இந்தத் தடவை திவ்யதர்ஷினி உடம்பு சரியில்லாமல் எம்சி போட்டிருந்ததால் நகல் கிடைக்காமல், டீச்சரின் புத்தகத்தையே வாங்கிக்கொண்டு போனாள். வினை அங்கே ஆரம்பித்தது.

நேரமும் சரியில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை கல்வி அமைச்சின் மொழிப் பிரிவு அதிகாரி ராஜீவ் வகுப்பில் வந்து உட்காரப் போகிறார். இரண்டு முறை கைநழுவிப்போன சீனியர் டீச்சர் பதவி, இந்தத் தடவை அவர் எழுதப்போகும் அறிக்கையில்தான் இருக்கிறது. பார்க்க வருவதும் இதே பாடத்தைத்தான்.

"அது பக்க நம்பர் போட்டதுல வந்த பிழை, திவ்யா" என்றாள் ஆஸ்மா மறுநாள்.

"அப்படியா டீச்சர்" என்றாள் திவ்யா. தலையாட்டிய விதம் ஆஸ்மாவுக்குப் பிடிக்கவில்லை.

அதற்கு மறுநாள் இரண்டாவது ஒட்டுத்தாள் வந்தது.

"லைப்ரரி காப்பியும் பார்த்தேன் டீச்சர். அதுலயும் நாற்பத்தாறுக்கு அப்புறம் நாற்பத்தொன்பதுதான். அப்புறம், முதல் பக்கத்துல, 'அன்று அந்த வீட்டில் கேட்ட வார்த்தைகளை முத்தையா கடைசிவரை மறக்கவில்லை'ன்னு இருக்கு. யாரு டீச்சர் சொன்னது? கதவு தொறக்குது, அதோட முடிஞ்சிருது. வீட்டுல யாரும் எதுவும் பேசவே இல்லையே."

ஆஸ்மா முதல் பக்கத்தைப் படித்தாள். அந்த வரி அங்கே இருந்தது. அதன் கீழே அவளே பென்சிலால் கோடு போட்டு, ஓரத்தில் 'அருமை' என்றும் எழுதியிருந்தாள். அதைத் திவ்யாவும் பார்த்திருப்பாள் என்று நினைத்தபோது காதெல்லாம் சூடாகிவிட்டது.

"இத எழுத்தாளர்கிட்டயே கேட்டுடலாம்" என்றாள் வகுப்பில், அப்போதைக்குத் தப்பிக்க.

"ஐ, வெள்ளிக்கிழமை கூப்பிடுங்க டீச்சர்" என்றான் அஃப்னான். "சும்மா வந்து பேசட்டும் லா."

ஒன்பது பேரும் கைதட்டினார்கள். அந்தச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த துறைத்தலைவிக்கு விஷயம் தெரிந்தது. மதியத்துக்குள் 'எழுத்தாளருடன் ஒரு சந்திப்பு' என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியாகிவிட்டது. சுற்றிலும் பூப்போட்ட கரை வேறு.

அண்ணாதுரை குவீன்ஸ்டவுனில் பழைய அடுக்குமாடி வீடு ஒன்றில் இருந்தார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 'எழுத்தாளர் ஐயா' என்று ஆஸ்மா தொலைபேசியில் கூப்பிட்டதுமே முகவரியை இரண்டு முறை சொன்னவர், நேரில் சட்டையை உள்ளே விட்டு, தலைவாரி, கதவருகே நின்றுகொண்டிருந்தார்.

"ஐயா, உங்க கதைய ஆறு வருஷமா நடத்துறேன்" என்றாள் ஆஸ்மா. "குறிப்பா அந்த முடிவு. கதவு திறந்ததுன்னு சொல்லிட்டு நிறுத்திட்டீங்க பாருங்க. மிச்சத்த வாசகர்கிட்ட விட்டுட்டீங்க. எத்தனை துணிச்சல் வேணும் அதுக்கு."

அண்ணாதுரை அவளைப் பார்த்தார். மனைவி கமலாவைப் பார்த்தார். மின்விசிறியைப் பார்த்தார்.

"ஆமாம்மா" என்றார் கடைசியில். "வேணும்னேதான் நிறுத்துனேன்."

ஆஸ்மாவுக்கு மூச்சு வந்தது. ஆனாலும் திவ்யா மனதை விட்டுப் போகவில்லை. "உங்ககிட்ட ஒரு பிரதி இருக்குமா ஐயா?"

"ஒரு பிரதியா?" என்று சிரித்த கமலா, கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு புத்தகக் கட்டை இழுத்தார். சணல் கயிறு இருபத்திரண்டு வருடமாக அவிழ்க்கப்படாமல் இருந்தது. "அடிச்சது ஐநூறு. வெளியீட்டு விழாவுல முந்நூறு போச்சு. அன்னிக்கு மண்டபம் நிறைஞ்ச கூட்டம்மா. ஆறு பேரு வாழ்த்திப் பேசுனாங்க."

ஆஸ்மாவுக்கும் அந்த விழாக்கள் தெரியும். பொன்னாடை போர்த்துவார்கள். ஆளுக்கொரு பிரதியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு மேடையில் படம் எடுத்துக்கொள்வார்கள். வீட்டுக்குப் போனதும் புத்தகம் அலமாரிக்குப் போகும். அதற்குமேல் அதை யாரும் தொந்தரவு செய்வதில்லை.

அவள் புதுப் பிரதியைப் பிரித்தாள். 46. 49.

"ஐயா, நடுவுல ரெண்டு பக்கம்..."

"நம்பர் தப்பா போட்டிருப்பாங்க" என்றார் அண்ணாதுரை, புத்தகத்தைப் பார்க்காமலே.

"அவரே ஒரு நாளும் தொறந்து பாத்ததில்ல" என்றார் கமலா. "இதுல ஊரு படிக்கலன்னு குறை."

அச்சடித்தவர் யார் என்று புத்தகத்தின் பின்னட்டையே சொன்னது. ஜாலான் புசார் பக்கத்துச் சந்தில் நூர்தீன் அச்சகம். ஆஸ்மா பேருந்து நிறுத்தத்தில் நின்றபடியே அழைத்தாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும் மாமா. நான் தமிழ் டீச்சர், பிள்ளைங்களுக்குக் கதை நடத்துறேன். அண்ணாதுரை ஐயா புத்தகத்துல ஒரு தாள் குறையுது. உங்ககிட்ட பழைய தாள் ஏதும் கிடக்குமா?"

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த இயந்திரம் நின்றது.

"எந்தக் கதைம்மா? குடைக் கதையா?"

"ஆமா மாமா. ஞாபகம் இருக்கா?"

"என் கையால அடுக்குன புத்தகம். பிள்ளைங்களுக்கு முடிவு பிடிச்சிருக்கா?"

"ரொம்பப் பிடிச்சிருக்கு."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் நூர்தீன். "சனிக்கிழமை வாங்க. தேடி வைக்கிறேன்."

வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. ராஜீவ் கடைசி வரிசையில் குறிப்பேட்டோடு உட்கார்ந்தார். அண்ணாதுரை பட்டுச் சட்டையில் வந்திருந்தார். ஒரு வாரமாகக் கண்ணாடி முன் பேசிப் பார்த்திருக்கிறார் என்பது இரண்டாவது வாக்கியத்திலேயே தெரிந்தது.

"முடிவைச் சொல்பவன் எழுத்தாளன் அல்ல. முடிவை உங்களிடம் ஒப்படைப்பவனே எழுத்தாளன். கதவைத் திறந்தவர் யார்? எனக்கே தெரியாது."

ராஜீவ் மளமளவென்று எழுதினார். ஆஸ்மா மனதுக்குள் சீனியர் டீச்சர் நாற்காலியில் ஒரு கையை வைத்தேவிட்டாள். அப்போது திவ்யா கையைத் தூக்கினாள்.

"ஐயா, முதல் பக்கத்துல, அந்த வீட்டுல கேட்ட வார்த்தைகள முத்தையா மறக்கலன்னு எழுதியிருக்கீங்க. அத யாரு சொன்னாங்க?"

"அது வந்து... கதவைத் தொறந்தவர்."

"தொறந்தவர் யாருன்னே தெரியாதுன்னு இப்பத்தான் சொன்னீங்க."

"ஆள் தெரியாதும்மா. வார்த்தை தெரியும்."

"அப்போ என்ன வார்த்தை ஐயா?"

அண்ணாதுரை தண்ணீர் குடித்தார். பாட்டில் காலியாகும்வரை குடித்தார்.

"இன்னொண்ணு ஐயா" என்று அஃப்னான் எழுந்தான். அவன் நகலில் மூன்று ஒட்டுத்தாள்கள் இருந்தன. "கதவத் தட்டுறதுக்கு முன்னாடி முத்தையா செருப்பக் கழட்டுறான். அந்த வீட்டுக்குள்ள போகப்போறவன்தானே கழட்டுவான்? ஆனா கதையில உள்ள போகவே இல்ல."

மற்ற பிள்ளைகளும் தங்கள் நகலைக் குடைய ஆரம்பித்தார்கள். ஒருத்தி குடையின் ஈரத்தைக் கண்டுபிடித்தாள். இன்னொருவன் வாசலில் இருந்த மூன்றாவது நாற்காலியைக் கண்டுபிடித்தான். எல்லாமே அந்த வீட்டுக்குள் ஏதோ நடந்தது என்று சொன்னது. ஆறு வருடமாக ஆஸ்மா ஏங்கிய வகுப்பு இதுதான். அது நடக்கிற நேரத்தில் அவளுக்கு ஓடி ஒளியத்தான் தோன்றியது.

அண்ணாதுரை அவளைப் பார்த்தார். எழுபது வயது மனிதர், பரீட்சையில் மாட்டிக்கொண்ட பையனைப் போல முழித்தார். அவரைக் காப்பாற்ற இன்னும் ஒரு பொய் போதும். ஆஸ்மா திவ்யாவின் கையில் இருந்த மஞ்சள் தாளைப் பார்த்தாள். அந்தப் பொய் வாய்க்கு வரவில்லை.

"புத்தகத்துல ஒரு தாள் இல்ல" என்றாள். "ஆறு வருஷமா நான் அத கவனிக்கல. திவ்யா கேட்டப்பவும் நம்பர் பிழைன்னு சொல்லி மழுப்பினேன். தப்பு என்னோடது."

சொல்லி முடித்ததும் அவளுக்கு வெட்கம் ஒரு பக்கம், முதுகிலிருந்து மூட்டை இறங்கிய மாதிரி நிம்மதி ஒரு பக்கம்.

"நானும் ரெண்டு பக்கம் எழுதத்தான் எழுதுனேன்" என்றார் அண்ணாதுரை மெதுவாக. "என்ன எழுதுனேன்னு ஞாபகம் இல்ல. டீச்சர் அவ்வளவு அழகா சொன்னதும், அதுவே என்னோடதா இருக்கட்டும்னு தோணிருச்சு."

மணி அடித்தது. ராஜீவ் குறிப்பேட்டை மூடிக்கொண்டு வந்தார். ஆஸ்மா தீர்ப்புக்குத் தயாராக நின்றாள்.

"மிஸ் ஆஸ்மா, உங்க ஒர்க்‌ஷீட்டை நான் மூணு ட்ரெய்னிங்ல யூஸ் பண்ணியிருக்கேன்" என்றார் தாழ்ந்த குரலில். "நானும் பார்க்கல லா. அந்தத் தாள் கிடைச்சா எனக்கு ஒரு காப்பி அனுப்புங்க. தொலைஞ்ச முடிவை மாணவர்கள் தேடிக் கண்டுபிடிச்சாங்கன்னு ரிப்போர்ட்ல போட்டா பிரமாதமா இருக்கும். கிடைக்கலன்னா... பார்ப்போம்."

ஆக, பதவி இப்போது ஒரு தாளில் வந்து நின்றது.

சனிக்கிழமை காலை ஆஸ்மாவும் அண்ணாதுரையும் நூர்தீன் அச்சகத்துக்குப் போனார்கள். திவ்யா வீட்டில் அனுமதி வாங்கிக்கொண்டு பென்சிலோடு வந்திருந்தாள். நூர்தீன் ஒரு திருமண அழைப்பிதழ்க் கட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பசை தடவிக்கொண்டிருந்தார். ஒரு பழுப்பு உறையை நீட்டினார். உள்ளே அந்தத் தாள் மடிப்புக் கலையாமல் இருந்தது. 47. 48.

அண்ணாதுரை கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார்.

"'வாருங்கள் தம்பி என்றார் கதவைத் திறந்த பெரியவர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். நேர்மை என்பது ஏழு வகைப்படும். முதலாவதாக...'"

மூன்றாவது வகை வந்தபோது குரல் இறங்கியது. ஐந்தாவது வகையில் மனதுக்குள் படிக்க ஆரம்பித்தார். ஆறாவதில் அதையும் நிறுத்திவிட்டார். ஏழாவது அந்தப் பக்கத்தின் அடிவரை நீண்டிருந்தது.

"இதையா நான் எழுதுனேன்?" என்றார்.

திவ்யா தாளை வாங்கிப் பார்த்தாள். ஒட்டுத்தாளை எடுத்தாள், யோசித்தாள், ஒன்றும் எழுதாமல் திரும்ப வைத்தாள்.

"ஐயா, இது இல்லாமலே நல்லா இருந்துச்சு" என்றாள்.

ராஜீவுக்கு இதை அனுப்பினால் அவர் முகம் எப்படிப் போகும் என்று ஆஸ்மா எண்ணிப் பார்த்தாள். அண்ணாதுரைக்கு வந்த வெட்கம் போக இடமில்லாமல் கோபமாக மாறியது.

"அதெல்லாம் இருக்கட்டும். நல்லதோ கெட்டதோ, என் எழுத்து. இருபத்திரண்டு வருஷமா என் கதைய அரைகுறையா விட்டிருக்கீங்களே, பாய்."

"ஆமா மாமா" என்றாள் ஆஸ்மா. "ஒண்ணு ரெண்டுன்னா பரவாயில்ல. ஐநூறு பிரதியிலயும் இந்த ஒரு தாள் மட்டும் எப்படி விட்டுப்போச்சு?"

நூர்தீன் பசைத் தூரிகையைக் கிண்ணத்தின் விளிம்பில் வழித்து வைத்தார்.

"விட்டுப்போகலம்மா, ஒவ்வொண்ணா நான்தான் உருவினேன். அடுக்கும்போது படிச்சுப் பார்த்தேன், கதவு தொறந்ததுமே கதை முடிஞ்சிருச்சு."