இரண்டு வீட்டுக்கு ஒரு துரை

"எங்க பாட்டனுக்குப் பாட்டன் இங்கிலீஷ் துரையாக்கும்!"

ராஜரத்தினம் இப்படிச் சொன்னதும், அவர் மனைவி கமலாட்சி லபெத் என்ற தேயிலை ஊறுகாய்த் தட்டை மேசையில் 'டங்'கென்று வைத்துவிட்டாள். ரங்கூனின் அலோன் துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்த வம்சம் அது என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

மனுஷனும் பாவம், என்னதான் செய்வார்! பசுந்தாங் பேட்டையில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த சொக்கலிங்கம், உட்கார்ந்ததிலிருந்து தன் வம்சத்துத் துரையைப் பற்றியே அளந்துகொண்டிருந்தார். மகள் பூர்ணாவும் சொக்கலிங்கத்தின் மகன் ரவியும் உயிருக்குயிராய் இருக்கிறார்கள். அந்தஸ்து போதவில்லை என்று சம்பந்தம் தட்டிப்போனால்? அந்தப் பயத்தில்தான் விட்டார் ஒரு பீலா.

"அடேடே! அவர் பேரென்ன? எந்த ஊரு?" என்றார் சொக்கலிங்கம்.

"அது... பார்த்துச் சொல்றேன்."

சொக்கலிங்கம் படி இறங்கியதும் கமலாட்சி பிடித்துக்கொண்டாள். "உங்க வாய்க்கு ஒரு பூட்டுப் போட்டா என்ன?"

ராஜரத்தினம் போனில் தேடினார். முதலில் வந்தது இங்கிலாந்தில் ஏதோ ஒரு குக்கிராமத்து சர்ச். அதில் அந்தக் காலத்தில் ஞானஸ்நானம் வாங்கிய தாமஸ் ஹார்ப்பர் என்று ஒரு பெயர். போதாதா? பாட்டனாக்கிவிட்டார்! எதற்கும் இருக்கட்டும் என்று, 'தாமஸ் உங்கள் சர்ச்தானே?' என்று அங்கே எழுதிக் கேட்டார். சர்ச்சைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள், 'ஆமாம்' என்று மறுநாளே பதில் போட்டுவிட்டாள்.

மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. போனைத் தூக்கிக்கொண்டு லத்தா பேட்டையில் இருக்கும் சொக்கலிங்கம் வீட்டுக்கு ஓடினார்.

பதிலைப் படித்த சொக்கலிங்கத்தின் முகம் கறுத்தது. சுவரைக் காட்டினார். அங்கே அதே சர்ச்சின் படம். கீழே தங்க எழுத்தில் அதே தாமஸ் ஹார்ப்பர்!

"போச்சு! நமக்குப் பாட்டன் ஒருத்தரே. அப்ப நாம பங்காளி! ரவியும் பூர்ணாவும் அண்ணன் தங்கச்சி முறை. சிவ சிவா, இந்தக் கல்யாணம் நடக்காது!"

பூர்ணா அழுது கண்ணை வீங்க வைத்துக்கொண்டாள். "இங்க எல்லாப் பொண்ணும் லவ்வரை பர்மாப் பாஷையில 'அகோ', அண்ணன்னுதானேப்பா கூப்பிடுது? அதுக்காக நெசமாவே அண்ணனாக்கிப்புட்டீங்களே!"

ராஜரத்தினம் மறுபடி லத்தாவுக்கு ஓடினார். "சம்பந்தி, யோசிச்சுப் பார்த்தேன். துரை எங்க அம்மா வழி. அப்ப பூர்ணா ரவிக்கு முறைப்பொண்ணு!"

"நேத்து அப்பா வழி, இன்னிக்கு அம்மா வழியா? துரை என்ன பஸ்ஸா, வழி மாத்தி விட?"

வேறு வழியில்லாமல், அடுத்த நாள் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு போய் உண்மையைக் கொட்டினார். "சொன்னதெல்லாம் பொய்யிங்க. எங்க பாட்டன் மூட்டை தூக்குனவரு."

சொக்கலிங்கம் மசியவில்லை. "கல்யாணத்துக்காகப் பெத்த வம்சத்தையே மறுக்கிறீங்களே! சர்ச்சம்மாவே ஆமான்னு எழுதினப்புறம் பேச்சென்ன?"

"அப்ப அவங்களையே கேட்டுருவோம்" என்று பூர்ணா போனை எடுத்து வீடியோவில் கூப்பிட்டாள்.

"வேணாம்மா!" சொக்கலிங்கம் பதறினார். "வயசானவங்க, பாவம்... இப்பக் கரண்டு வேற போயிடும்..."

அதற்குள் திரையில் நரைத்த தலையோடு சர்ச்சம்மாள் வந்துவிட்டாள். தாமஸ் ரங்கூன் வந்தாரா, அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்று பூர்ணா இங்கிலீஷில் கேட்டாள். அம்மாளின் கண்ணோ, பின்னால் நைசாக நழுவப் பார்த்த சொக்கலிங்கத்தின் மேல் போயிற்று. முகமெல்லாம் சிரிப்பாக ஏதோ சொன்னாள்.

"என்னவாம்?" என்றாள் கமலாட்சி.

பூர்ணா கண்ணைத் துடைத்துக்கொண்டு மொழிபெயர்த்தாள். "'அட, மிஸ்டர் சொக்கலிங்கம்! நீங்க இன்னும் அந்தப் புள்ளைய விடலையா? தாமஸ் நாலு வயசுலேயே செத்துப்போச்சுன்னு போன வருஷம் இதே மாதிரி கூப்பிட்டப்பவே உங்ககிட்ட சொன்னேனே'ங்கறாங்க, மாமா!"