அந்த நடமாட்டம் நான்தான்

அன்புள்ள பெர்னடெட் அத்தைக்கு,

நோயெலா எழுதிக்கொள்வது. நான் நலம். ஃபுளோரிடா வெயிலில் உங்கள் இடுப்பெலும்பும் நலமாகக் கூடியிருக்கும். இங்கே ஊரின் பழைய நூலகம்தான் நலமாக இல்லை. குளிரில் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்து, மேல்தளம் பாதி கீழே வந்துவிட்டது.

ஊர் அலுவலகத்தின் காப்பீட்டுப் பதிவேட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனபோது நீங்கள் சொன்னது ஒன்றுதான்: ஊருக்குச் சொந்தமான எந்தக் கட்டடமாவது தொடர்ந்து அறுபது நாள் ஆளில்லாமல் கிடந்தால் காப்பீட்டுக்காரர்களுக்கு எழுதிவிட வேண்டும், எழுதாவிட்டால் பிறகு எது இடிந்தாலும் ஒன்றும் தரமாட்டார்கள். நான் மறக்கவில்லை அத்தை. வெள்ளிக்கிழமைதோறும் தீயணைப்பு வண்டி, சாலைப் பனியில் தூவும் உப்புக்கான கொட்டகை, பனி தள்ளும் வண்டி எல்லாவற்றையும் பார்த்துக் குறித்தேன். நூலகத்துக்கு நேராக ‘ஆள் நடமாட்டம் உண்டு’ என்று எழுதினேன். நேற்று அதைப் படித்த ஊராட்சித் தலைவர் ஆர்மாண்ட், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். புத்தகங்கள் புதுக் கட்டடத்துக்குப் போய் ஒரு வருடமாகிறதே.

“எந்த ஆளும்மா? எலிக்கெல்லாம் தலைக்கணக்கு எழுதிட்டியா?” என்றார். சாலைப் பணிக்காரர்கள் சிரித்தார்கள். காப்பி போடப் போகிறவள்போல நான் நகர்ந்துவிட்டேன்.

அவரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். அந்த ஆள் நான்தான். உருளைக்கிழங்கு அறுவடை விடுமுறை முடிந்து எல்லோரும் பள்ளிக்குத் திரும்பினார்கள், நான் திரும்பவில்லை. தினமும் மூன்று மணிக்குப் பள்ளிப் பேருந்து எங்கள் வீட்டெதிரே நிற்கும். அப்போது சன்னலில் என் முகம் அவர்களுக்குத் தெரிவது எனக்குப் பிடிக்கவில்லை. நீங்கள் கொடுத்த சாவிக்கொத்தில் நூலகச் சாவியும் இருந்தது. இரண்டரைக்கே உள்ளே போய், கோட்டைக் கழற்றாமல் வெறும் அலமாரிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்து, பேருந்து போன பிறகு வருவேன். ஒருநாளும் தவறியதில்லை. பதிவேட்டில் பொய் இல்லை அத்தை, ஆனால் அனுமதியும் இல்லை. நீங்கள் நம்பிக் கொடுத்த சாவியை இப்படிப் பயன்படுத்தியது தப்புத்தான்.

பதிவேடு பொய் என்று முடிவானால் பழுதுபார்க்க ஒன்றும் வராது, வசந்தத்தில் இடித்துவிட வேண்டியதுதான் என்கிறார் ஆர்மாண்ட். அப்புறம் மூன்று மணிக்கு நான் எங்கே போவேன்? வியாழக்கிழமை காப்பீட்டு ஆய்வாளர் வருகிறார். அங்கே புழங்கியவர் தம் வாயால் சொல்லிவிட்டால் போதுமாம். சொல்லிவிடுவேன். கண்ணாடி முன் ஒன்பது தடவை சொல்லிப் பார்த்தேன். ஏழாவது தடவை சத்தம்கூட வந்தது.

ஆண்டவர் உங்கள் இடுப்பையும் என் நாக்கையும் காக்கட்டும். அங்கே எல்லோருக்கும் என் அன்பு.

மன்னிப்பை வேண்டும்,
நோயெலா

பின்குறிப்பு: தபாலில் சேர்க்குமுன் வியாழக்கிழமை வந்துவிட்டது. ஆய்வாளர் நல்ல மனிதர். மெதுவாகத்தான் கேட்டார்: “இந்தக் கட்டடத்துல யாராச்சும் வந்து போய்க்கிட்டு இருந்தாங்களாம்மா?”

“யாரும் இல்லீங்க” என்றேன்.

அதை அப்படியே எழுதி, கீழே என் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டார். கையெழுத்து அழகாக இருக்கிறது என்றார்.