வால்வு அண்ணனின் வாட்ச்

நெருப்பெரிச்சல் என்ற எங்கள் ஊரில், எங்கள் தெருவில் சாமி கும்பிடாதவர்கள் உண்டு. வால்வு அண்ணனைக் கும்பிடாதவர்கள் கிடையாது. ஆறு நாளுக்கு ஒருமுறை தெருக்குழாய்களுக்குத் தண்ணீர் திறந்துவிடுபவர் அவர்தான். கையில் வால்வைத் திருகும் இடுப்புயர இரும்புச் சாவி, கழுத்தில் விசில், மணிக்கட்டில் ஒரு பழைய வாட்ச். சொந்தப் பெயர் என்னவென்று அவர் மனைவியிடம்தான் கேட்க வேண்டும்.

தெருவுக்கு ஒரு மணி நேரம். அதற்குமேல் பிரம்மாவே கேட்டாலும் கிடைக்காது. ஒருமுறை கல்யாண வீட்டுக்காரர் வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்து, "இன்னொரு அஞ்சு நிமிசம் உடுங்கண்ணா, சமையலுக்குப் பத்தாதுங்க" என்று கெஞ்சினார்.

"வாச்சு பொய் சொல்லாதுங்க. அடுத்த தெருவும் குடத்தை வெச்சுட்டு நிக்குதுங்களே."

வால்வை மூடிவிட்டு, தட்டை மட்டும் வாங்கிக்கொண்டார். அவர் வீடு கடைசித் தெருவில். அங்கே தண்ணீர் நூல் மாதிரிதான் வரும். அதற்காகவும் ஒரு நிமிஷம் கூட்டியதில்லை.

போன வருஷம் எங்கள் பனியன் கம்பெனி டூருக்கு அவரையும் அழைத்துப் போனோம். தேசியப் பூங்காக் காட்டுக்குள் ஓர் அருவி. அந்தத் தண்ணீர்தான் கீழே அணையில் சேர்ந்து எங்கள் ஊருக்குக் குடிக்க வருகிறது. அண்ணன் சாவியோடுதான் வேனில் ஏறினார்.

"இது எதுக்குங்கண்ணா?" என்றேன்.

"கைக்கு ஒரு தைரியம் கண்ணு."

வாசலிலேயே வனக்காவலர் மறித்தார். "குளிக்க உட மாட்டமுங்க. போன வாரம் வந்தவங்க சோப்பும் ஷாம்புமா நொரையாக்கிட்டாங்க. உங்கூரு குடிக்கற தண்ணிங்க இது. பாத்துட்டுப் போங்க."

வருஷம் பூராவும் தையல் மிஷினில் குனிந்திருக்கும் செல்வியக்காவுக்கு அருவி என்பது அந்த ஒரு நாள்தான். முகம் சுருங்கிவிட்டது. அண்ணன் எங்கள் பக்கம் பேசுவார் என்று யாரும் நினைக்கவில்லை. தண்ணீரை மூடுவதென்றால் அவருக்கு அல்வா சாப்பிடுவது போல.

"ஏனுங்க சாமி, குடிக்கறதும் இந்தச் சனந்தான், குளிக்க வந்ததும் இந்தச் சனந்தான். முறை வெச்சு உடுங்க. நான் பொறுப்பு" என்றார் அண்ணன்.

காவலர் சாவியைப் பார்த்தார். எந்த இலாகா அதிகாரி என்று நினைத்தாரோ, "மூணு மணி வரைக்குந்தானுங்க. நொரை கண்டா எல்லாத்தையும் வெளியேத்தீருவேன்" என்றார்.

அடுத்த நிமிஷம் சோதனை ஆரம்பம். சோப்பு, ஷாம்பு, சீயக்காய் எல்லாம் அண்ணன் பைக்குள் போயின. என் டூத்பேஸ்ட்டும் தப்பவில்லை. அடுத்த வேனில் வந்த, தங்கச் சங்கிலி போட்ட ஒரு முதலாளிகூட மறுபேச்சில்லாமல் ஷாம்புவை நீட்டினார். பிறகு பத்துப் பத்துப் பேராக, பத்துப் பத்து நிமிஷம், விசில். எங்கள் கம்பெனியின் பீகார் பையன் ரஞ்சித் மட்டும் நகராமல், "பையா, பாஞ்ச் மினட்" என்றான். அண்ணனுக்கு இந்தி தெரியாது. ஆனால் அஞ்சு நிமிஷம் கேட்கிற முகம் அவருக்கு எந்த மொழியிலும் புரியும்.

"இல்லீங்க" என்றார்.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் எல்லாரும் குளித்து முடித்திருந்தார்கள். தண்ணீரில் ஒரு நுரை இல்லை. அண்ணன் மட்டும் காய்ந்த வேட்டியோடு நின்றார். செல்வியக்கா போய் விசிலைப் பிடுங்கினார். "உங்க முறைங்கண்ணா."

"பத்தே நிமிசம்" என்று வாட்சைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டு அருவிக்குள் போனார். கண்ணை மூடிக்கொண்டு, வாயைத் திறந்துகொண்டு, தன்பாட்டுக்குச் சிரித்தார். பத்து நிமிஷம் ஆயிற்று. பதினைந்தும் ஆயிற்று. விசில் செல்வியக்கா கையிலேயே இருந்தது. காவலரும் மரத்தில் குரங்கு பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் ஒற்றைக் கண்ணைத் திறந்தார். "நேரமாயிருச்சுங்களா?"

"வாச்சு நின்னு போச்சுங்கண்ணா" என்றார் செல்வியக்கா.

அது அவர் கையில் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. வாட்ச் பொய் சொல்லாதுதான். அண்ணன்மேல் இருந்த பிரியத்தில், அன்றைக்கு அதற்கும் சேர்த்து நாங்கள் பொய் சொன்னோம்.