கேப் நைனாவின் மூன்று ரிவால்வர்கள்

ஆயுத பூஜைக்கு இந்த ஊரில் அவரவர் என்னென்னவோ வைத்துக் கும்பிடுகிறார்கள். ஸ்பேனர், தையல் மெஷின், ஆட்டோ, கம்ப்யூட்டர். நானே ஒரு வருடம் ஸ்டேப்ளருக்குப் பொட்டு வைத்திருக்கிறேன். ஆனால் ஆயுத பூஜைக்கு நிஜமாகவே ஆயுதத்தை வைத்துக் கும்பிட்ட ஒரே குடும்பஸ்தர், எனக்குத் தெரிந்து, வட சென்னையிலேயே கேப் நைனா ஒருவர்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில் ராயபுரத்தில் ஒரு ஸ்டோர் வீட்டில் குடியிருந்தேன். ஆறு குடித்தனம், ஒரே ஒரு அடி பம்பு. துறைமுகத்துப் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் எனக்குக் குமாஸ்தா வேலை. கடைசிப் போர்ஷனில் கேப் நைனாவும் அவர் மனைவி கன்னியம்மாவும். திருவொற்றியூரில் ஒரு லேத் பட்டறையில் அவர் ஃபோர்மேன். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

அவரிடம் மூன்று ரிவால்வர்கள் இருந்தன. மூன்றும் நூற்றைம்பது வருடத்துப் பழசு. வண்ணாரப்பேட்டை காயலாங்கடையில் கப்பல் இரும்போடு இரும்பாகக் கிடந்தவை, அங்கே இருந்த பாய் இவருக்கென்று எடுத்து வைத்துக் கொடுத்தவை. தோட்டா என்ற சமாசாரமே சரியாக வராத காலத்துத் துப்பாக்கி. சக்கரத்தில் ஆறு ஓட்டை. ஒவ்வொன்றிலும் மருந்து கொட்டி, ஈயக் குண்டு வைத்து, இடித்து இறுக்கி, பின்பக்க முனையில் குட்டியாக ஒரு செப்புத் தொப்பியை மாட்ட வேண்டும். சுத்தி அந்தத் தொப்பியில் அடித்தால்தான் வெடிக்கும்.

“தீவாளிக்குப் பசங்க வெடிக்கிறானுங்களே பொட்டு கேப்பு, அத்தோட தாத்தா இது” என்பார். கேப் நைனா ஆனது அப்படித்தான்.

பம்படியில் குடத்தோடு நிற்கும் யாரும் இந்தப் பாடத்திலிருந்து தப்பியதில்லை. ஒருநாள் நான் கேட்டேன்.

“ஆறு ஓட்டையும் ரொப்ப எவ்வளவு நேரமாகும் நைனா?”

“கை பயகிட்டா பத்து நிமிசம்.”

“அதுவரைக்கும் எதிரி என்ன பண்ணுவான்?”

“அவனும் ரொப்பிகினு இருப்பான். அந்தக் காலத்துல சண்டைன்னாலும் ஒரு ஒயுங்கு இருந்துச்சிப்பா.”

அவரோடு சினிமாவுக்குப் போகக் கூடாது என்பதை ஒரே தடவையில் கற்றுக்கொண்டேன். ஏதோ குதிரை, தொப்பி, புழுதி கலந்த படம். கதாநாயகன் சுட ஆரம்பித்ததும் பக்கத்து சீட்டிலிருந்து எண்ண ஆரம்பித்தார். “நாலு... அஞ்சு... ஆறு. அவ்ளோதான், முடிஞ்சிச்சி. ரொப்புடா!” கதாநாயகன் ரொப்பவில்லை. “ஏயு! எட்டு!” என்று இவர் எழுந்து நின்றுவிட்டார். ஒன்பதிலிருந்து பால்கனியும் சேர்ந்துகொண்டது. பதினேழில் வில்லன் செத்தான். தியேட்டரே கைதட்டியது, யாருக்கு என்றுதான் தெரியவில்லை. டிக்கெட் கிழிப்பவர் வந்து எங்களை வெளியே போகச் சொன்னார்.

“நான் போறேன். அந்தப் பதினோரு குண்டு எங்கேர்ந்து வந்திச்சின்னு மட்டும் சொல்லு, போயிடறேன்” என்றார் நைனா.

வீட்டில் அவருக்கு ஒரே ஒரு எதிரி. புளி. ரிவால்வர்களின் இரும்பிலும் பித்தளையிலும் காலம் பூசிய ஒரு கரும்பழுப்பு இருந்தது. பூஜைச் சாமான் தேய்க்கும்போதெல்லாம் கன்னியம்மாவின் கண் அதன் மேலேயே இருக்கும்.

“கொஞ்சம் புளி, கொஞ்சம் செங்கல் தூள். ஒரே தேய். தங்கமா மின்னும். இப்பிடியா கலீஜா வச்சிப்பாங்க?”

“கைய வச்ச, நான் பொல்லாதவனாயிடுவேன். அது அயுக்கு இல்லடி, அதோட வயசு. அத்த எடுத்துட்டா அது வெறும் இரும்பு. அப்பால காயலாங்கடைக்கும் என் வூட்டுக்கும் இன்னா வித்தியாசம்?”

இப்படி இருக்கையில் தேர்தல் வந்தது. துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லாம் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று அறிவிப்பும் வந்தது. நைனாவுக்கு அந்தக் கவலையே வேண்டாம். இது பழம்பொருள், சுடாது, லைசென்ஸ் தேவையில்லை என்று சர்க்கார் ஆபீஸில் கடிதம் வாங்கி, லேமினேட் செய்து மாட்டியிருந்தார். ஆனால் மனுஷன் விடிந்ததும் மஞ்சப்பையோடு என் வாசலில் நின்றார். மனு எழுத நான் வேண்டுமாம்.

“உங்களுக்குத்தான் வேண்டாமே நைனா?”

“துப்பாக்கி வச்சிகினு கீறவன்லாம் குடுக்கணும்னு போட்டுக்கீறான். நான் குடுக்கலன்னா இன்னா அர்த்தம்? என்னுது துப்பாக்கி இல்லன்னு நானே ஒத்துக்கினதா ஆவாதா?”

மனுவை எழுதிக் கொடுத்தேன். போனோம். ஸ்டேஷன் பெயர் வேண்டாம். அந்தப் பக்கம் எனக்கு இன்னும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.

ரைட்டர் மூன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சுடுமாய்யா?”

“சுடாது சார்.”

“அப்ப இது துப்பாக்கியே இல்லியே. எடுத்துகினு போ.”

நைனாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “ரிட்டேர் ஆயிட்டா போலீஸ்காரர் போலீஸ்காரர் இல்லன்னு ஆயிடுமா சார்?”

நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூலையில் உட்கார்ந்திருந்த ஏட்டையா எழுந்து வந்தார். ஓய்வு பெற ஆறே மாதம் இருந்த மனிதர் என்பது பிறகு தெரிந்தது. “வாங்கி வைய்யா, ரசீது போட்டுக் குடு” என்றார். நைனாவின் தோளைத் தட்டி, “நானே பத்திரமா பாத்துக்கறேன் நைனா” என்றும் சொன்னார்.

அடுத்து வந்த வாரங்களில் நைனா பாதி ஆளாகிவிட்டார். கடல் காற்று துருவாக்கிவிடுமோ, எவனாவது எண்ணெய் போட்டு வைப்பானோ மாட்டானோ என்று ஒரே பேஜாரு. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் ஸ்டேஷன் ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பார். “இன்னாய்யா தினம் நோட்டம் வுட்டுகினு கீற?” என்று ஒரு கான்ஸ்டபிள் அதட்டிய பிறகு என்னை எட்டிப் பார்க்க அனுப்பினார். தேர்தல் முடிந்தது, ரிசல்ட்டும் வந்தது, ரிவால்வர் வரவில்லை. ஆயுத பூஜை நெருங்க நெருங்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. பூஜைக்கு முதல் நாள் ஏட்டையாவிடமிருந்து சேதி வந்தது: நாளைக் காலையில் வந்து வாங்கிக்கொள்ளவும்.

போனோம். ஸ்டேஷனே கல்யாண வீடாக இருந்தது. ஜீப்புக்கு வாழைக்கன்று, லத்திகளுக்கு மாலை, வரிசையாகச் சாய்த்து வைத்த துப்பாக்கிகளுக்குச் சந்தனம், குங்குமம். எல்லாவற்றுக்கும் முன்னால், ஒரு வாழை இலையில், மூன்று ரிவால்வர்கள் தகதகவென்று மின்னிக்கொண்டிருந்தன.

என் வயிற்றில் புளியைக் கரைத்தது. அங்கே நடந்திருந்ததும் அதுதான்.

“சாமி கும்பிட வெக்கணுமே, அயுக்கா இருந்திச்சேன்னு நானே உக்காந்து தேச்சேன்” என்றார் ஏட்டையா. “புளி, செங்கல் தூளு. ரெண்டு நாளு. இந்தா, வெரலப் பாரு.” பத்து விரலும் வெந்தாற்போல் இருந்தன. வீட்டில் ஒரு டம்ளர்கூட அவர் கழுவியதில்லை என்று கான்ஸ்டபிள்கள் சிரித்தார்கள்.

நைனா இலைமேல் குனிந்து பார்த்தார். நூற்றைம்பது வருடம் இரண்டே நாளில் சாக்கடையில் போயிருந்தது. நான் பொறுக்காமல், “ஐயா, இதை வந்து...” என்று வாயைத் திறந்தேன். என் தொடையில் அழுத்தமாக ஒரு கிள்ளு விழுந்தது.

“ஷோக்கா கீது ஏட்டையா” என்றார் நைனா. “என் பொஞ்சாதி கூட இப்பிடித் தேச்சிருக்க மாட்டா.” ஏட்டையாவின் விரல்களைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மனிதர் பக்தியில் செய்கிறார் என்று ஸ்டேஷன் நினைத்தது. அழுகையை மறைக்கிறார் என்று எனக்குத் தெரியும். அந்த நிமிஷத்தில் எனக்கு அந்த மனுஷரை ரொம்பவும் பிடித்துப்போயிற்று.

வீட்டில் கன்னியம்மா பார்த்துவிட்டு, “இத்தத்தானே பத்து வருசமா சொல்லிகினு இருந்தேன்!” என்றாள். மூன்று நாள் நைனா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவற்றையே புரட்டிக்கொண்டிருந்தார். நாலாம் நாள் என்னைக் கூப்பிட்டார். ஒரு ரிவால்வரின் கைப்பிடிக்கு அடியில், ஏட்டையாவின் விரல் நுழையாத இடுக்கில், நகக்கண் அளவுக்கு அந்தப் பழுப்பு மிச்சமிருந்தது.

“பாத்தியா? வயசு இங்க வந்து ஒளிஞ்சிகினு கீது” என்று சிரித்தார்.

பிறகு நான் ராயபுரத்தை விட்டு வந்துவிட்டேன். சில வருடம் கழித்து ஒரு ஆயுத பூஜையன்று போனேன். இலையில் அதே மூன்று, மறுபடி கறுக்க ஆரம்பித்திருந்தன. நைனாவும் கறுத்து, இளைத்துப் போயிருந்தார். நான் முதல் நாள்தான் தலைக்கு மை அடித்திருந்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு என் தலையையே பார்த்தார்.

“இன்னாப்பா, புளி போட்டுத் தேச்சிட்டியா?”

கிட்டே வந்து, என் காதுக்குப் பின்னால் முடியை விலக்கி, மை படாத நாலு நரையைக் கண்டுபிடித்தார். காயலாங்கடையில் நாலாவதாக ஒரு ரிவால்வர் அகப்பட்ட மாதிரி அவர் முகத்தில் அத்தனை சந்தோஷம்.

அன்றிலிருந்து அந்த இடத்தில் மட்டும் நான் மை அடிப்பதில்லை.