தொட்டித் தண்ணீரில் நாற்பது சொட்டு

அன்பிற்குரிய தங்கை மகளுக்கு,

உன் தாய்மாமன் நலமாகவும், ஆங்காங்கே சிவந்தும் எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் எட்டு மாதப் பட்டத்து இளவரசியும் சுகம்தானே. இனி நான் சொல்லப்போவதை உலகத்தில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள் என்று இப்போதே உறுதி தருகிறேன். உன் அத்தை பக்கத்திலேயே இருந்தும் நம்பவில்லை.

போன வாரம் ஒரு சின்னப் புட்டியில் யூகலிப்டஸ் எண்ணெய் அனுப்பி, "மாமா, பாப்பாவுக்குச் சளி விடவே மாட்டேங்குது. வெள்ளிக்கிழமை அங்க வந்ததும் இதைத்தான் நெஞ்சிலயும் மூக்குகிட்டயும் தடவப்போறேன். மூலிகைதானே, ஒண்ணும் பண்ணாது" என்று எழுதியிருந்தாய். இளவரசிக்குப் போகும் எதையும் முதலில் வேறொருவர் உடம்பில் சோதிப்பதுதானே அரண்மனை முறை. அந்தப் பதவிக்கு என்னை நானே நியமித்துக்கொண்டேன். அப்படியே தடவினால் எரியும் என்று புட்டியிலேயே போட்டிருந்தது. டீ ஸ்ட்ராங்காக இருந்தால் தண்ணீர் விளாவுகிறோம், இதற்கும் அதுதானே வழி என்று குளியல் தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்து, எண்ணி நாற்பது சொட்டு விட்டு, முடிசூட்டிக்கொள்ளப் போகிறவன் மாதிரி இறங்கினேன். அந்த நாற்பதும் தண்ணீரோடு பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டு, ஒன்றுகூடி மேலே மிதந்தபடி எனக்காகக் காத்திருந்தது எனக்கெப்படித் தெரியும். முதலில் பனிப்பாறையில் உட்கார்ந்த மாதிரி, அப்புறம் அடுப்பில், அப்புறம் இரண்டும் முறை வைத்துக்கொண்டு. நான் போட்ட சத்தத்தில் தபால்காரர், வீட்டில் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று தொப்பியைக் கழற்றினார். ஆவி ஜன்னல் வழியே கிளம்பித் தெருவில் அடைத்திருந்த மூக்கையெல்லாம் திறந்துவிட்டது. இருபது வருஷமாக வாசனையே தெரியாத எதிர்வீட்டு ஓய்வுபெற்ற நீதிபதி, "எங்கேயோ ரொட்டி கருகுது" என்று வாசலுக்கு ஓடிவந்தார். கருகிக்கொண்டிருந்தது நான்.

உன் அத்தை கதவைத் தட்டினாள். "என்ன, வழுக்கி விழுந்துட்டீங்களா?"

"விழலை. வெந்துகிட்டிருக்கேன்."

"பச்சைத் தண்ணியிலயா?"

"ஆமா."

"நல்லதாப் போச்சு. வெந்நீர் போட்டுத் தர ஆளில்லைன்னு முப்பது வருஷமா புலம்பினீங்களே."

துண்டைச் சுற்றிக்கொண்டு தெருமுனை மருந்துக்கடைக்கு ஓடினேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எண்ணெய் என்னைக்கு சார் தண்ணியில கரைஞ்சிருக்கு? முதல்ல போய் சோப்புப் போட்டுக் கழுவுங்க. பெரியவங்களுக்குன்னாலும் ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெயில ரெண்டே சொட்டு, அதையும் முழங்கையில துளி தடவிப் பார்த்துட்டுத்தான்."

"சரி. எட்டு மாசக் குழந்தைக்கு ஒரு சொட்டு?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"அரைச் சொட்டும் வேண்டாம். நெஞ்சுல வேண்டாம், மூக்குகிட்ட வேண்டாம், துணியில விட்டுப் பக்கத்துல வைக்கவும் வேண்டாம். அந்தச் சின்ன மூச்சுக்கு அது தாங்காது, திணறிடும். தெரியாம வாயில போயிட்டா வலிப்பே வந்துடலாம். சளி விடலைன்னா டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க."

ஆகவே மருமகளே, நீ அனுப்பிய புட்டியை அலமாரி உச்சியில் வைத்துப் பூட்டி, சாவியை அத்தையிடம் ஒப்படைத்துவிட்டேன். கையில் இன்னொன்று இருந்தால் அங்கேயே விட்டுவிட்டு வா. கிளம்புவதற்கு முன்னால் பாப்பாவை டாக்டரிடம் காட்டிவிடு. என்ன சொன்னார் என்று உடனே எனக்குத் தெரிய வேண்டும். மூவரும் மூக்கடைப்பு முதலான சகல பகைகளையும் வென்று நீடூழி வாழ வாழ்த்தும்,

உன் மாமன்.

பி.கு. நீதிபதி, தபால்காரர், நாற்பது சொட்டு எல்லாம் புளுகு. நம் வீட்டில் குளியல் தொட்டியே கிடையாது, இருப்பது ஒரு வாளி. மருந்துக்கடைக்காரர் குழந்தையைப் பற்றிச் சொன்னது மட்டும் உண்மை. நீ வருவதற்குள் மணமாக இருக்கட்டும் என்று பாப்பாவுக்காகப் போட்ட கட்டில் விரிப்பில் நாலு சொட்டு விட்டுவிட்டு, இன்னொரு புட்டி வாங்கத்தான் அவரிடம் போனேன். திரும்பி ஓடிவந்த வேகம் இந்த முழங்காலில் இருக்கிறதென்று அன்றுதான் தெரிந்தது. விரிப்பைத் தூக்கி எறிந்தாயிற்று. அந்த அறை ஜன்னல்கள் மூன்று நாளாகத் திறந்தே கிடக்கின்றன. அதை முதல் வரியிலேயே எழுதக் கை வரவில்லையம்மா. அதனால்தான் என்னைத் தண்ணீரில் இறக்கிவிட்டேன்.