ஓக் ட்ரீ ரோட்டில் ஒரு மரியாதைக்காரர்

பசுபதி முடி வெட்டிக்கொண்டு வந்து ரோட்டோரம் நின்றதுதான் தப்பாய்ப் போயிற்று. சிவப்புக் காரில் வரும் மகன் கண்ணில் படட்டுமே என்று, வெள்ளைக் கோடு போட்ட இடமாகப் பார்த்து நின்றார்.

இறக்கிவிடும்போதே மகன் குமரவேல் கறாராகச் சொல்லியிருந்தான்.

"அப்பா, வெட்டினதும் இங்கயே நில்லுங்க. வந்து பிக்கப் பண்ணிக்கிறோம். ரோட்ல மட்டும் இறங்காதீங்க. போன வாரம் மாதிரி இன்னொரு வாட்டி ஆச்சு, ஊருக்குப் போற வரைக்கும் தனியா வெளிய விடமாட்டேன்."

போன வாரம் அவர் நம் ஊர் வழக்கப்படி வலது பக்கம் பார்த்துவிட்டு இறங்க, லாரி இடது பக்கத்திலிருந்து வந்தது. அமெரிக்காவில், இந்த எடிசன் ஊரில், இன்னும் நான்கு மாதத்தை ஓட்ட வேண்டும். அதுவரை வீட்டுக்குள் டிவியில் வானிலை பார்த்துக் கிடப்பதற்கு ஜெயிலே தேவலை.

அப்போது ஒரு வேன் அவர் முன்னால் வந்து நின்றது. பசுபதிக்கு உடம்பெல்லாம் கூசியது. திண்டுக்கல்லில் அறுபது வருஷத்தில் மாட்டுவண்டிகூட அவருக்காக நின்றதில்லை. ஒருவர் மெனக்கெட்டு நிறுத்தியிருக்கும்போது கடக்காமல் நிற்பது மரியாதையா? கும்பிட்டபடி, குனிந்த தலை நிமிராமல், ஓட்டமாய்க் கடந்தார்.

கடந்த பிறகுதான் புத்தி வந்தது. பக்கத்தில் மளிகைப் பையோடு நின்ற தமிழரிடம் கேட்டார்.

"ஏன் சார், இங்க எல்லாரும் நிறுத்துவாங்களா?"

"கோட்டுகிட்ட நின்னாலே நிறுத்துவாங்க சார். கடக்கப் போறீங்கன்னு நினைப்பாங்க."

"கடக்காம நின்னா?"

"பின்னாடி இருக்கிறவன் திட்டுவான்."

அவர் ஊர்ச் சட்டமெல்லாம் விளக்கி முடிப்பதற்குள் இந்தப் பக்கமும் ஒரு வண்டி நின்றது. பின்னால் ஒருவன் ஹாரனை அழுத்தினான். பசுபதி பதறி, கும்பிட்டு, பழைய இடத்துக்கே ஓடினார்.

இனி கோட்டின் சகவாசமே வேண்டாம் என்று முப்பது அடி தள்ளிப் போய் நின்றார். அங்கேயும் ஒரு வண்டி வந்து நின்றது. ஈஸ்வரா, இந்த ஊரில் மரியாதை கெட்டவன் ஒருவன்கூடக் கிடையாதா? கண்ணில் நீர் முட்ட, மறுபடியும் கும்பிட்டு இறங்கினார். லாரி ஒன்று கிறீச்சிட்டு நின்றது. உயிர் அக்கரை சேர்ந்தது, ஒரு செருப்பு நடுரோட்டில் தங்கிவிட்டது.

கடைப் படியில் சரிந்து உட்கார்ந்தார். இதை மகன் பார்த்திருந்தால் கதை முடிந்தது.

சற்று நேரத்தில் மருமகள் சாந்தி மூச்சிரைக்க வந்தாள். கையில் அந்தச் செருப்பு.

"நான் ரோட்ல இறங்கவே இல்லம்மா," என்றார் பசுபதி முந்திக்கொண்டு. "அவன் இறக்கிவிட்டதே இந்தப் பக்கம்தான். அவன் கார் எங்க?"

"கார் ரிப்பேர் மாமா. ஃப்ரெண்டோட வேனை எடுத்துட்டு வந்தேன்."

சாந்தி செருப்பை அவர் காலடியில் வைத்தாள்.

"நீங்க போற பக்கமெல்லாம் வேனைத் திருப்பிட்டு வந்து, மூணு வாட்டியும் உங்களை ஏத்திக்கத்தான் நிறுத்தினேன் மாமா, நான் கண்ணாடிய இறக்குறதுக்குள்ள கும்பிட்டுட்டு ஓடிடறீங்க."