மஞ்சள் துணி கட்டிய காளான்

எனக்குச் சாமி பக்தி அவ்வளவாகக் கிடையாது. இருந்தும், கெமாஸ் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் ஒரு கோயில் என்னால்தான் உண்டானது என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

அப்போது நான் பல்கலைக்கழகக் காளான் ஆய்வில் ஆறு மாத ஒப்பந்த உதவியாளன். எண்ணெய் தரும் செம்பனைத் தோட்டங்களில் கரையான் புற்றில் முளைக்கும் ஒரு காட்டுக் காளானைத் தேடி, கண்ட இடத்தைப் பதிந்து, மாதிரி எடுத்து வரவேண்டும். ஐந்து மாதமாகியும் பதிவுப் புத்தகத்தில் என் பெயர் மட்டும்தான் இருந்தது. (அதை அழகாக எழுதியிருந்தேன்.) வேலை நீடிக்க ஒரு காளானாவது வேண்டும்.

கிடைத்தது. புற்றின் அடியில் மூன்று மொட்டுகள். விரிந்தபின் அடியோடு தோண்டினால்தான் மாதிரியாக ஏற்பார்கள். குலை வெட்டுகிறவர்கள் மிதித்துவிடக் கூடாதே என்று, தூரத்திலேயே தெரியும்படி இரண்டு மீட்டர் மஞ்சள் துணி வாங்கிப் புற்றைச் சுற்றிக் கட்டினேன். தமிழ் வீட்டில் வளர்ந்தவன் செய்கிற காரியமா இது?

மூன்றாம் நாள் என் மேலதிகாரி டாக்டர் அசிசாவைப் பெருமையாக அழைத்துப் போனேன். தூரத்திலேயே ஊதுபத்தி வாசம். புற்றுக்கு மேல் தகரக் கூரை, முன்னால் பால், முட்டை. என் மூன்று காளான்களும் நன்றாக விரிந்திருந்தன. மூன்றுக்கும் மஞ்சள் பூசி, குங்குமப் பொட்டும் வைத்திருந்தார்கள்.

உரம் போடும் வேலை செய்யும் செல்வி அக்கா கற்பூரத்தோடு நின்றார். "வாங்க தம்பி. நாகம்மா கொட புடிச்சி வந்துருக்கா, பாருங்க."

"அக்கா, அந்தத் துணி நான் கட்டுனதுக்கா. ஆராய்ச்சிக்கு."

"நீங்க எங்க கட்டுனீங்க? ஆத்தா கட்ட வச்சிருக்கா."

பையிலிருந்து சின்ன மண்வெட்டியை எடுத்தேன். உட்கார்ந்திருந்த ஏழெட்டுப் பெண்கள் எழுந்து நின்றார்கள்.

"அத உள்ள வைங்க லா," என்றார் அக்கா, மிக அமைதியாக.

டாக்டர் அசிசா மலாயில் கேட்டார்: "போன வாரம் இந்தக் கோயில் இருந்ததா?"

"இல்லை, டாக்டர்."

அவர் என் காலைப் பார்த்தார். "முதலில் செருப்பைக் கழற்று."

பதிவில் இப்படித்தான் எழுத முடிந்தது: 'காளான் காணப்பட்டது. மாதிரி எடுக்கவில்லை. காரணம்: வழிபாட்டில் உள்ளது.' ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிந்தது.

இப்போது ரஹாங்கில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். அந்தக் கோயிலின் ஆடித் திருவிழாவில் முதல் தேங்காய் என் கையால்தான் உடைக்கவேண்டும் என்பது செல்வி அக்காவின் உத்தரவு. வீட்டில் மட்டும் எது தொலைந்தாலும் என்னைத் தேட விடுவதில்லை.

"நீங்க உக்காருங்க," என்பாள் மனைவி. "அப்புறம் மோட்டார் சைக்கிள் சாவிக்கும் பால் ஊத்தணும்."